சிவப்பு கோல்ஃபுக்கு ஒரு ஹலால்

திராவ்னிக்,
9 பிப்ரவரி 2008

அன்புள்ள ஸும்ரா,

செய்தியை முதலில் சொல்லிவிட்டு ஸலாமைப் பிறகு சொல்கிறேன். பத்திரிகைப் பழக்கம் ஓய்வு பெற்ற பின்னும் போகவில்லை. கோல்ஃபை விற்கிறேன். ஏப்ரல் 30ஆம் தேதி அதன் பதிவு முடிகிறது. என் பெயரில் இனிப் புதுப்பிப்பதாக இல்லை. தகவல் தந்தவர் வண்டியின் உரிமையாளர், அதாவது நான்.

இப்போது ஸலாம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மால்மோவின் கடற்காற்று அதற்கு ஆகவில்லை என்று எழுதியிருந்தாய். கம்பளிக் காலுறை போடு. எனக்கு ஒரு குறையும் இல்லை. பசிக்கிறது, தூக்கம் வருகிறது. மாடிவீட்டு ஹைரியா வாரம் இருமுறை கீரை வைத்துச் சுட்ட பித்தா கொண்டுவந்து, தட்டைத் திருப்பித் தரவில்லை என்று மறுநாள் சண்டை போடுகிறாள்.

விற்பதற்குக் காரணங்கள் இவை. ஓட்டுநர் காலடியில் தகடு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதாக விங்கோ சொல்கிறான். சூடேற்றும் குழாயும் ஒழுகுகிறதாம். டீசல் விலை ஏறியபடி இருக்கிறது. நானும் அதிகம் வெளியே போவதில்லை. விங்கோ பட்டறையை மகனிடம் விட்டுவிட்டாலும் நம் வண்டிக்கு மட்டும் இன்னும் அவன்தான் மெக்கானிக். விற்கப்போகிறேன் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டான்:

"டேய், இந்த இஞ்சின் உன் ஜனாஸாவுக்கும் வரும், என் சவ ஊர்வலத்துக்கும் வரும். நடுவுல உனக்கு என்ன அவசரம்?"

பதிவுத்தாள் போருக்குப் பிறகு என் பெயருக்கு மாறியது என்றாலும், வண்டி மச்சான் ஹாஸிம் வாங்கியது. அவன் போன பிறகு அது உன்னுடையது. ஆகவே ஊருக்குச் சொல்லும் முன் உனக்கு எழுதுகிறேன். வண்டிக்குள் இருக்கும் எதுவாவது வேண்டுமானால் சொல், எடுத்து வைக்கிறேன்.

உன் நலத்தைக் கோரும்,
ரிஃபத்


மால்மோ,
24 பிப்ரவரி 2008

அன்புள்ள அண்ணா,

உனக்கு என் ஸலாம். விங்கோவுக்கும் ஹைரியாவுக்கும் தனித்தனியாகச் சொல். சேர்த்துச் சொன்னால் ஹைரியா கோபித்துக்கொள்வாள். முழங்கால் பழையபடியே இருக்கிறது. காலுறை போட்டிருக்கிறேன்.

விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு காபிக்குப் பிறகு உரிமை இருப்பதாகத் தோன்றுகிறது.

தகடு ஓட்டை என்றால் தகடு அடிக்கலாம். குழாய் ஒழுகினால் குழாய் மாற்றலாம். திராவ்னிக்கில் கல்லை எறிந்தால் அது கோல்ஃப் மெக்கானிக் தலையில்தான் விழும். நீ அதிகம் வெளியே போவதில்லை என்பது மட்டும்தான் புதிய செய்தி. ஓய்வு பெற்ற பிறகும் யார் வீட்டில் சண்டை, எந்தப் பாலத்தில் விரிசல் என்று ஊர் முழுக்க ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தவன் நீ.

அந்த வண்டியை ஹாஸிம் எண்பத்தெட்டில் வாங்கினார். சரயேவோ தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்தது. அங்கிருந்து வீடுவரை மூன்றாவது கியருக்கு மேல் அவர் போடவே இல்லை. புது இஞ்சினுக்கு வலிக்குமாம். பக்கத்தில் இருந்த எனக்குத் தலைவலி வந்ததை அவர் கவனிக்கவில்லை. அவர் கல்லறை இங்கே இருக்கிறது, ஞாயிறுதோறும் போகிறேன். ஆனால் அவரோடு பேச வேண்டுமானால் எனக்கு அந்த முன்னிருக்கைதான் வேண்டும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் சரயேவோ விமான நிலையத்தில் நீ என் பெட்டியைத் தூக்கிப் பின்னால் போட்டு, நான் உட்கார்ந்து கதவைச் சாத்தும்போதுதான் ஊருக்கு வந்துவிட்டேன் என்று உடம்பு நம்பும்.

ஆகஸ்ட் வரை வை. ஒருமுறை உட்கார்ந்து விடைபெற்றுக்கொள்கிறேன். பிறகு உன் இஷ்டம்.

இன்னொன்று. உன் கையெழுத்தைத் திட்டிக்கொண்டே நாற்பது வருடம் படித்தவள் நான். இப்போது ஏன் தட்டச்சு? போன ஞாயிறு முழுக்கப் போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை
ஸும்ரா


திராவ்னிக்,
22 மார்ச் 2008

அன்புள்ள ஸும்ரா,

ஸலாம். பனி கரைந்து லாஷ்வா ஆறு இரைச்சலோடு ஓடுகிறது, படுக்கையிலிருந்தே கேட்கிறது. உனக்கும் அங்கே வெயில் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

புதிய தகவல்: வண்டி தகுதிச் சோதனையில் தேறிவிட்டது. சொன்னவன் விங்கோ. ஓட்டிப் போனவனும் அவன்தான்.

வாங்க இருவர் வந்தார்கள். முதலாமவன் இருபது வயதுப் பையன் என்று குரலிலேயே தெரிந்தது. வண்டியைத் தரையோடு தாழ்த்தி, பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே ஸ்பீக்கர் பொருத்தப் போகிறானாம். விங்கோ பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "தம்பி, பாட்டுதான் வேணும்னா கல்யாண மண்டபத்துக்குப் போ. இது வண்டி."

இரண்டாமவன் ஸெனிட்சா ஊர்க்காரன். உதிரிபாக வியாபாரம். இஞ்சின் மட்டும் போதும், கூட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றான். "இஞ்சின மட்டுமா?" என்றான் விங்கோ. "சரி, உன் ஈரல மட்டும் இங்க வச்சிட்டு நீ ஊருக்குப் போறியா?" வந்தவன் காபியைக் கூட முடிக்கவில்லை.

ஆகஸ்ட் வரை வைக்க இயலாது. ஏப்ரல் முப்பது என்றால் முப்பதுதான். தட்டச்சு பற்றிக் கேட்டாய்: கை நடுங்குகிறது, வயதாகிறது. போன் பற்றிக் கேட்டாய்: அது கூடத்தில் இருக்கிறது, நான் சமையலறையில் இருக்கிறேன்.

நலமாக இரு.
ரிஃபத்


மால்மோ,
6 ஏப்ரல் 2008

அண்ணா,

ஸலாம். நான் நலம். நீ நலம் என்று எழுதினாய், நம்புகிறேன்.

உன் கடிதம் சுருக்கமாக இருந்தது. நீ செய்தியைச் சுருக்கினால் ஏதோ ஒன்றை வெட்டியிருக்கிறாய் என்று அர்த்தம். நாற்பது வருடம் உன் பத்திரிகையைப் படித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தொண்ணூற்று மூன்றில் நாங்கள் பேருந்தில் ஏறியபோது கோல்ஃப் உன் முற்றத்தில் சக்கரமில்லாமல் நான்கு செங்கல் மேல் நின்றது நினைவிருக்கிறதா? சக்கரங்களை விங்கோ இரவோடு இரவாகக் கழற்றித் தன் நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு அடியில் போட்டிருந்தார். எந்தப் படைக்குப் பயந்து என்று ஹாஸிம் கேட்டதற்கு, "முதல்ல எது வருதோ அதுக்கு" என்றார். விங்கோவின் ஆட்களும் நம் ஆட்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. பிறகு டீசல் கிடைக்காமல் நீ அதில் சமையல் எண்ணெய் ஊற்றி ஓட்டியதாகவும், தெரு முழுக்கப் பணியாரம் பொரிக்கும் வாசனை வந்து பிள்ளைகள் பின்னால் ஓடியதாகவும் எழுதினாய். அகதி முகாமில் அந்தக் கடிதத்தை வாசித்து ஹாஸிம் சிரித்தார். அந்த வருடத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

இவ்வளவையும் தாண்டி வந்த வண்டியை ஒரு குழாய்க்காக விற்கிறாய்.

சாவி உன் கையில் இருக்கிறது, முடிவும் உன் கையில். உதிரிபாகத்துக்குக் கொடுக்காதே. ஓட்டுபவர் கையில் கொடு. இதைத் தவிர நான் வேறெதுவும் சொல்லவில்லை. சொன்னதாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

ஹைரியாவுக்கு ஸலாம்.
ஸும்ரா


திராவ்னிக்,
27 ஏப்ரல் 2008

அன்புள்ள ஸும்ரா,

ஸலாம். உன் முழங்காலுக்கு ஹைரியா ஏதோ இலை காயவைத்திருக்கிறாள். தபாலில் அனுப்பலாமா என்று கேட்கிறாள். சுங்கத்தில் என்னைத்தான் பிடிப்பார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

கோல்ஃப் வெள்ளிக்கிழமை விற்றுப்போனது. வாங்கியவள் மெவ்லிதா. விளாஷிச் மலையில் இருக்கிறாள். மேட்டுக் கிராமங்களில் சீஸ் வாங்கி இங்கே சந்தைக்குக் கொண்டுவருபவள். அப்பா இல்லை, அம்மாவோடு இருக்கிறாள். நாற்பது வயது இருக்கும், நீலத் தலைக்குட்டை கட்டியிருந்தாள் என்பது ஹைரியாவின் தகவல். பேரம் பேசவில்லை. இஞ்சினைப் போடச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாளாம். அதை விங்கோ சொன்னான். அவனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"மலைல மூணாவது வளைவுல இழுக்குமா?" என்று கேட்டாள்.

"உன்னையும் இழுக்கும், சீஸையும் இழுக்கும், நடுவுல வழிமறிக்கற மாட்டையும் இழுக்கும்" என்றான் விங்கோ.

மதியம் கிளம்பினாள். வண்டி முற்றத்தைத் தாண்டும்போது மாடியிலிருந்து சடசடவென்று தண்ணீர் விழும் சத்தம். ஹைரியா செப்புக் குடத்தோடு வந்து, பயணம் போகிறவர்களுக்கு ஊற்றுவது போல வண்டியின் பின்னால் ஊற்றிவிட்டாள்.

"யம்மா, இது ஹஜ்ஜுக்கா போவுது? வித்த வண்டி" என்று விங்கோ கத்தினான்.

"அதுக்கென்ன, வழி நல்லாருக்கட்டுமே" என்றாள் அவள்.

முற்றம் பெரிதாகிவிட்டது. துணி காயப்போட இடம் கிடைத்ததாக ஹைரியாவுக்குச் சந்தோஷம்.

நீ சொன்னபடி ஓட்டுபவர் கையில்தான் கொடுத்திருக்கிறேன். இனி நீ நிம்மதியாக இருக்கலாம்.

உன் அண்ணன்
ரிஃபத்


திராவ்னிக்,
6 மே 2008

அன்புள்ள ஸும்ரா,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். கோல்ஃப் திரும்பி வந்துவிட்டது. அது இப்போது என் ஜன்னலுக்குக் கீழே நிற்கிறது. இந்தத் தகவலுக்கு ஆதாரம் மூன்று பேர்.

ஸலாம் சொல்ல மறந்தேன், சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள். நீ நலமா?

மெவ்லிதா நேற்று காலை வந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். இருபது வருடச் சத்தம், வேறெதுவாகவும் இருக்க முடியாது. இறங்கியவுடன் சொன்னாள்: "ரிஃபத் அண்ணே, வண்டில ஒரு குத்தமும் இல்ல. அம்மாதான் ஏற மாட்டேங்குது."

"ஏன்?"

"அன்னைக்கி வீட்டுக்குப் போனப்போ பின்கண்ணாடி இடுக்குல ஈரம் இருந்துச்சு. மழையே இல்லையே, தண்ணி ஏதுன்னு கேட்டுச்சு. மாடிலேருந்து ஒருத்தவங்க ஊத்துனாங்கன்னேன். 'திரும்பி வரட்டும்னுதானே ஊத்துவாங்க? வித்த பொருளுக்கு யாரு ஊத்துவா? அவங்க மனசு இன்னும் வண்டிய விடல'ன்னு சொல்லிருச்சு. அப்புறம், வித்தவரு மனசார விட்டுக்கொடுத்து ஹலால் சொன்னாரான்னு கேட்டுச்சு. ரசீது குடுத்தாருன்னேன். 'நான் ரசீதையா கேட்டேன்?'னுச்சு."

மாடி ஜன்னல் திறந்தது. "பழக்கம்டி பொண்ணே. யாரு கிளம்பினாலும் கை தானா குடத்துக்குப் போயிருது" என்றாள் ஹைரியா.

"நல்லவேளை, வரி ஆபீஸ்காரன் வந்துட்டுப் போனப்ப நீ தூங்கிட்டிருந்த" என்றான் விங்கோ.

எல்லோரும் சிரித்தோம். மெவ்லிதா சிரிக்கவில்லை. என் எதிரே வந்து நின்றாள். "இப்பச் சொல்லிருங்க அண்ணே. ஒரு வார்த்தைதானே. கேட்டுட்டுக் கிளம்பறேன்."

ஒரு வார்த்தைதான். வாயைத் திறந்தேன். வரவில்லை. உறுதிசெய்யாத ஒன்றை நான் அச்சில் போட்டதில்லை. இதையும் சொல்ல முடியவில்லை. என் பங்கை நான் விட்டுக்கொடுக்கலாம். ஹாஸிமின் பங்கை விட்டுக்கொடுக்கும் வாய் உன்னுடையது. நீ எழுதியதை மறுபடி நினைத்துப் பார்த்தேன். ஓட்டுபவர் கையில் கொடு என்றாய். மனதாரக் கொடு என்று சொல்லவில்லை.

அதை அவளிடம் சொன்னேன். அவள் சொன்னாள்: "அப்போ உங்க தங்கச்சி சொல்லட்டும். பதிவு என் பேருக்கு மாறிருச்சு, அது அப்படியே கெடக்கட்டும். வண்டி இங்கயே நிக்கட்டும். எங்கம்மா ஏறாத வண்டில நான் சீஸ் ஏத்தி என்ன செய்ய?" சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் பேருந்தில் போய்விட்டாள். ஜூன் கடைசி வரை காத்திருப்பாளாம்.

ஆக, சட்டப்படி அவள் வண்டி. நிற்பது என் முற்றத்தில். கேட்பது உன் வார்த்தை. எழுது, ஸும்ரா. தாமதிக்காதே.

ரிஃபத்


மால்மோ,
18 மே 2008

அன்புள்ள அண்ணா,

ஸலாம். முழங்கால் பரவாயில்லை. என் பழைய பேனா தீர்ந்துவிட்டது. கடையில் தடித்த முனைப் பேனாதான் கிடைத்தது, அதனால் எழுத்து பெரிதாக இருக்கிறது. பொறுத்துக்கொள்.

ஹலால் என்று ஒரு வரியில் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். ஹைரியாவின் தண்ணீரை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். பிறகு, நீ ஏன் தாமதிக்காதே என்கிறாய் என்று யோசித்தேன். பிப்ரவரியிலிருந்து வந்த உன் கடிதங்களை மேசைமேல் வரிசையாக வைத்து வாசித்தேன்.

தரையில் ஓட்டை என்று விங்கோ சொன்னார். சோதனையில் தேறியதை விங்கோ சொன்னார். பையனின் வயது குரலில் தெரிந்தது. மெவ்லிதா கட்டியிருந்த குட்டையின் நிறம் ஹைரியாவின் தகவல். ஆறு இரைவது படுக்கையில் கேட்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கோல்ஃப் உன் ஜன்னலுக்குக் கீழே நிற்பதற்கு மூன்று பேர் ஆதாரம்.

அண்ணா, எங்கள் நிக்காஹ் நாளில் இமாமின் செருப்பு ஜோடி சேரவில்லை என்று கவனித்தவன் நீ. நகரசபைத் தலைவர் பொய் சொல்லும்போது எந்தக் காதைத் தொடுவார் என்று எனக்குச் சொன்னவன் நீ. இந்த நான்கு கடிதங்களில் நீ உன் கண்ணால் பார்த்தது ஒன்றுகூட இல்லை.

ஹலாலைப் பற்றிப் பிறகு பேசுவோம். ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். இந்தக் கடிதத்தை உனக்கு யார் வாசிக்கிறார்கள்?

பதிலுக்குக் காத்திருக்கும்
ஸும்ரா


திராவ்னிக்,
10 ஜூன் 2008

அன்புள்ள ஸும்ரா,

ஸலாம். தாமதத்துக்குக் காரணம் தபால் இல்லை.

உன் கேள்விக்குப் பதில்: பாதி நான், பாதி விங்கோ. பூதக்கண்ணாடி வைத்துப் பக்கத்தின் முதல் பாதி வரை போகிறேன். பிறகு கண் களைத்துவிடுகிறது. தடித்த பேனாவுக்கு நன்றி. அதை வைத்து இம்முறை கேள்வி வரை நானே வந்துவிட்டேன். விங்கோ வாசித்தால் அவன் பெயர் வரும் இடங்களை இரண்டு முறை வாசிக்கிறான்.

உறுதியான தகவல்களை வரிசையாகத் தருகிறேன். கண்ணில் அழுத்தம் ஏறும் நோய். வலது கண் போய்விட்டது, அது திரும்பாது. இடது கண்ணில் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பது போல நேரெதிரே இருப்பது மட்டும் தெரிகிறது. சொன்னவர் சரயேவோவில் ஒரு கண் மருத்துவர், இளம் பெண், சுற்றி வளைக்காமல் சொன்னார். அது ஜனவரியில். வண்டி ஓட்டலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

மருத்துவர் சொல்லும் முன்பே எனக்குத் தெரியும். ஜனவரி தொடக்கத்தில் ஒரு காலை, பனிமூட்டம். சந்தைத் தெருவில் பச்சை மேலங்கி போட்ட ஒரு பெண்மணி சாலையைக் கடக்க நின்றார். வண்டியை நிறுத்தி, கையசைத்து, அவர் போகட்டும் என்று வெகுநேரம் காத்திருந்தேன். அது குப்பைத்தொட்டி. அங்கிருந்து கிளம்பி அடுத்த மூலையில் வலப்பக்கமாகத் திரும்பியபோது ஒருவன் அலறிக்கொண்டு நடைபாதைக்குத் தாவினான். விங்கோ. கையிலிருந்த ரொட்டி ஆற்றில் விழுந்தது. மூச்சு வாங்க வந்து ஜன்னலைத் தட்டினான்.

"பாத்துக்கிட்டுத்தான்டா இருந்தேன். குப்பைத் தொட்டிக்கு நின்ன. எனக்கு நிக்கல."

அதன்பின் அவன்தான் ஓட்டினான். இன்றுவரை அவன் மன்னிக்காதது அவனை இடிக்கப் போனதை இல்லை, தொட்டிக்குப் பின்னால் அவனை வைத்த அந்த வரிசையை.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நீ, விற்காதே, நிறுத்தி வை, விங்கோ ஓட்டட்டும் என்பாய். நானும் சரி என்பேன். வண்டி முற்றத்தில் இருந்தால், சாவி என் சட்டைப் பையில் இருந்தால், ஒருநாள் நான் ஓட்டுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் நீ வருவதற்கு முன் அது போக வேண்டும் என்றேன்.

இது ஊகம் இல்லை. மெவ்லிதா சாவியைத் தந்துவிட்டுப் போன மறுவாரம் ஒரு விடியற்காலை நான் கோல்ஃபை எடுத்தேன். நீலநீர் ஊற்று வரை போய்த் திரும்பினேன். யாரும் எதிரே வரவில்லை. வரவில்லை என்றுதான் நினைக்கிறேன், இடுக்கு வழியாகப் பார்த்தவனின் சாட்சியம் அவ்வளவுதான். நன்றாக ஓட்டினேன். அதுதான் பயமாக இருக்கிறது. அன்று மாலையே சாவியை விங்கோவிடம் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டான். ஆனால் விங்கோவின் வீடு எதிர்வாசல், சாவி தொங்கும் ஆணி எங்கே என்று எனக்குத் தெரியும்.

இப்போது கேட்கிறேன். உன்னை ஆகஸ்டில் அந்த இருக்கையில் உட்காரவைக்க முடியாது. அதற்கு முன்பே உன் வாயால் கொடுத்துவிடு.

உன் அண்ணன்
ரிஃபத்


மால்மோ,
18 ஜூன் 2008

அண்ணா,

ஸலாம், ரஹ்மத், எல்லாமும்.

முதலில் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். அறுபத்தெட்டு வயதில் நீ பெரிய கழுதை. விங்கோ, இதை நீங்கள்தான் வாசிக்கிறீர்கள் என்றால் இந்த வரியையும் இரண்டு முறை வாசியுங்கள்.

நீ நினைத்தது சரி. நான், வை என்றுதான் சொல்லியிருப்பேன். விற்காதே என்று ஆகஸ்ட் முழுக்க அழுதிருப்பேன். நீ வைத்திருப்பாய். பிறகு என் வாழ்நாள் முழுக்க இந்தத் தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் திராவ்னிக் பக்கம் திரும்பியிருப்பேன். சொல்லாமல் விற்கப் பார்த்ததில் உனக்கு மூளை இருந்தது. அந்த விடியற்காலையில் இல்லை.

நேற்று சாயங்காலம் சமையலறையில் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வலது கையை நீட்டி, இல்லாத கதவைப் பிடித்துச் சாத்தினேன். சத்தம் சரியாகக் கேட்டது. ஹாஸிம் மூன்றாவது கியரில்தான் போனார். பிறகு எழுந்து விளக்கைப் போட்டேன். விடைபெற்றாயிற்று.

மெவ்லிதாவையும் அவள் அம்மாவையும் வரச் சொல். கீழே உள்ளதை வண்டியருகே நின்று வாசிக்க வேண்டும்:

"மெவ்லிதா, இந்த வண்டியில் என் கணவர் ஹாஸிமின் பங்கு உனக்கு ஹலால். என் பங்கு உனக்கு ஹலால். மனதார, முழுசாக. மலையில் ஏறும்போதும் இறங்கும்போதும் நல்லபடி போய் வா. ஓட்டுநர் பக்கக் கதவைச் சற்றுத் தூக்கிச் சாத்து. அடித்துச் சாத்தினால் அது பிடிவாதம் பிடிக்கும். ஸும்ரா."

உன் பங்கை நீயே சொல்.

நான் ஆகஸ்டுக்குக் காத்திருக்கவில்லை. ஜூலை 12 சனிக்கிழமை வருகிறேன், பேருந்தில். யாரும் எதிரே வந்து நிற்க வேண்டாம். வீடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஸும்ரா


திராவ்னிக்,
29 ஜூன் 2008

அன்புள்ள ஸும்ரா,

கோல்ஃப் நேற்று, சனிக்கிழமை, மதியத் தொழுகைக்குச் சற்று முன் போய்விட்டது. தகவல் தந்தவன் நான். கண்ணால் பார்த்தேன்.

ஸலாம். நான் நன்றாக இருக்கிறேன். இம்முறை இதை அப்படியே நம்பலாம்.

மெவ்லிதாவின் அம்மா கையில் ஒரு முழுச் சீஸோடு வந்தார். ஹைரியாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தண்ணி ஊத்துனது நீங்கதானா?" என்று கேட்டார்.

"நான்தான். குடத்த அந்த ஆளு பூட்டி வச்சிட்டான்" என்று ஹைரியா விங்கோவைக் காட்டினாள்.

"பூட்டலன்னா நாளைக்கி மறுபடியும் இங்கதான் நிக்கும்" என்றான் விங்கோ.

பிறகு அவன் உன் வரிகளை வாசித்தான். கழுதை வரியை வாசிக்கத் தேவையில்லை; முந்தைய நாளே தெரு முழுக்க வாசித்துவிட்டான். உன் வரிகளை மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டு வாசித்தான். முடிந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் வண்டியின் கூரைமேல் கை வைத்தேன். வெயிலில் சூடாக இருந்தது.

"ஹலால், மெவ்லிதா" என்றேன். எளிதாகத்தான் வந்தது.

அவள் என் கையைப் பிடித்து, "அண்ணே, உங்களுக்கு எங்கயாச்சும் போகணும்னா ஒரு போன் அடிங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள். எனக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன என்று சொன்னேன். "அப்ப எனக்குத் துணைக்கு வாங்க. மலைல பேச ஆளில்ல" என்றாள். போவேன் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா முன்னிருக்கையில் ஏறினார். மெவ்லிதா கதவைத் தூக்கிச் சாத்தினாள், முதல் தடவையிலேயே பதிந்தது. வாசலைத் தாண்டி நேரே போகும்வரை சிவப்பு தெரிந்தது, இடுக்குக்குள் அது மட்டுமே இருந்தது. மசூதி மூலையில் திரும்பியதும் மறைந்தது. பிறகு சத்தம். மேட்டில் இரண்டாவது கியருக்கு இறக்கினாள். சரியான இடத்தில் இறக்கினாள். அப்புறம் ஆறு மட்டும் கேட்டது. விங்கோ காபி போடப் போனான். நாங்கள் சீஸை வெட்டினோம்.

இனி நிலுவையில் இருப்பது இடது கண். அழுத்தத்தைக் குறைக்கும் அறுவை சிகிச்சை ஜூலை 14, திங்கட்கிழமை, சரயேவோவில். நீ வந்துவிடுவாய், கூடவே வரலாம். பறிபோனதை அது மீட்காது; இருப்பதை நிறுத்தி வைக்கலாம் என்றார் மருத்துவர். நிறுத்தும் என்று சொல்லவில்லை, கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அழுத்தம் இறங்கி நிற்கிறதா என்று எட்டு நாள் கழித்து அளப்பார்கள். முடிவு ஜூலை 22, செவ்வாய், மதியத்துக்குப் பிறகு தெரியும்.

உன் அண்ணன்
ரிஃபத்